ஐம்பது கிலோமீட்டர் தீவில் ஒரு க்ரூசர்

நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் க்ரூசர் ரக பைக்கான ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வாங்கிய நாளிலிருந்து, பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: “என்னென்ன மாத்தப் போறீங்க?” சத்தம் போடும் சைலன்சர், தோளுக்கு மேலே நிற்கும் ஹேண்டில்பார், காலை முன்னால் நீட்டி வைக்க ஃபுட்பெக் (பாதம் ஊன்றும் கட்டை) என்று ஆளுக்கொரு பட்டியல். கூடவே அமெரிக்கப் பாலைவனச் சாலையில் யாரோ எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும். படம் அழகுதான். அந்தச் சாலை நம்மிடம் இல்லையே! இல்லாத சாலைக்காக எதற்கு வண்டியை மாற்ற வேண்டும்?

நம் சிங்கப்பூர்த் தீவு கிழக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இருப்பதிலேயே நீளமான விரைவுச்சாலை பிஐஇ. நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அதை முழுசாக ஓட்டி முடித்துவிடலாம். விரைவுச்சாலை வேக வரம்பும் 90-ஐத் தாண்டாது. “இருபது குதிரைத் திறன் எப்படிக்கா போதும், 650 சிசி வண்டி எடுத்திருக்கலாமே” என்கிறார்கள் தம்பிமார்கள். என்னிடம் இருப்பது 2ஏ லைசென்ஸ். 400 சிசிக்கு மேலே போக வகுப்பு 2 வேண்டும், அதற்கு 2ஏ எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதை விடுங்கள், அந்த இருபதே இங்கே தாராளம். இந்த 349 சிசி எஞ்சினின் முழு முறுக்குவிசையும், அதாவது 27 நியூட்டன் மீட்டர், 4,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடுகிறது. சிக்னலில் நிதானமாகக் கிளம்பி, 80இல் நிம்மதியாகப் போக வேறென்ன வேண்டும்? வாராவாரம் மலேசியாவில் ஈப்போ, பினாங்கு என்று கிளம்புகிறவர்களின் கணக்கு வேறு. அவர்களோடு எனக்கு வாதம் இல்லை.

பழகுவதற்குக் கஷ்டமாக இருப்பது வேகம் குறைந்த இடங்கள்தான். வண்டி 191 கிலோ. சீட் உயரம் 765 மில்லிமீட்டர் என்பதால் என்னைப் போன்ற குள்ளச்சிகளுக்கும் இரண்டு பாதமும் நன்றாகத் தரையில் ஊன்றும்; வாங்கியதற்கே பாதிக் காரணம் அதுதான். ஆனால் பலமாடிக் கார்நிறுத்தத்தில் மாடி ஏறும் வளைவில் இதன் நீளம் தெரிகிறது. 2பி லைசென்ஸில் ஓட்டும் 200 சிசி வரையிலான சின்ன பைக் என்றால் உடம்பைச் சாய்த்தாலே திரும்பிவிடும். இதில் முன் சக்கரமே 19 அங்குலம். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, பார்வையை வளைவின் முடிவில் வைத்தால்தான் ஒழுங்காக வளையும். ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் எட்டுப் போடச் சொல்லி உயிரை வாங்கினார்களே, அந்தப் பாடத்தின் அருமை இங்கேதான் புரிகிறது.

அப்புறம் முதுகு. மற்ற பைக்குகளில் மேடு பள்ளம் வந்தால் காலை ஊன்றிச் சற்றே எழுந்துகொள்வோம். க்ரூசரில் கால் முன்னால் இருப்பதால் அது சுலபமில்லை. மேம்பாலத்தின் இணைப்புகளில் விழும் குத்து நேராக இடுப்புக்கு வருகிறது. ஏற்கெனவே இப்படி இருக்க, காலை இன்னும் முன்னால் தள்ளி வைக்கும் ஃபுட்பெக்கை ஏன் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

காசு செலவில்லாத மாற்றங்களை முதலில் செய்யுங்கள் என்பேன். பிரேக், கிளட்ச் லீவர்களின் சாய்வை மணிக்கட்டு நேராக நிற்கும்படி திருப்பிக்கொள்ளலாம். பின் ஷாக் அப்சார்பரின் இறுக்கத்தை ஆறு படிகளில் கூட்டிக் குறைக்கலாம். நான் மட்டும் போகும்போது ஒரு படி, வீட்டுக்காரர் பின்னால் ஏறினால் வேறு படி (எத்தனை படி கூட்டினேன் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம்). கண்ணாடியில் நம் தோள் மட்டும் தெரிகிறதா, பக்கத்துத் தடமும் தெரிகிறதா என்று பார்த்துச் சரிசெய்யலாம். இவ்வளவுக்கும் பத்து நிமிடம் ஆகுமா? வண்டி பாதி நம்முடையதாகிவிடும்.

சைலன்சர் விஷயத்தில் நான் கறார். நிலப் போக்குவரத்து ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: கேட்காமலே செய்யலாம், அனுமதி வாங்கிச் செய்யலாம், செய்யவே கூடாது. சைலன்சருக்கு அனுமதி வேண்டும். மூன்று வயது தாண்டிய பைக்குகளை ஆண்டுதோறும் சோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். சட்டத்தை விடுங்கள், காலை ஐந்தரை மணிக்கு வீவக அடுக்குமாடி வீடுகளின் கார்நிறுத்தத்தில் ஒரு திறந்த பைப் எத்தனை மாடிக்கு எதிரொலிக்கும்? நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தவரை எழுப்பிவிட்டு நான் என்னத்தை ரசிக்கப் போகிறேன்? இது சென்னை நிறுவனத்தின் வண்டி. அதன் இயல்பான டுப்டுப் எனக்குப் போதும்.

ஹேண்டில்பாரை வழவழவென்று வெறுமையாக வைத்துக்கொள்ளும் ஆசையும் இங்கே நடக்காது. சாலைக் கட்டணம் கழிக்கும் ஈஆர்பி பெட்டி அங்கே உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த அமெரிக்கப் படங்களில் இந்தப் பெட்டியை ஒருநாளும் பார்க்க முடியாது!

நான் வாங்க நினைப்பவை கொஞ்சம்தான். மார்பில் காற்று மோதாதிருக்கச் சின்ன விண்ட்ஷீல்டு, வீட்டுக்காரர் சாய்ந்துகொள்ள முதுகுப் பட்டை, மழைக்கோட்டு வைக்க ஒரு பக்கவாட்டுப் பை. இங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை, மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கியதும் கோட்டு கைக்கு எட்ட வேண்டும். சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழுக்குப் பத்தாண்டுக்குக் கட்டியாயிற்று, ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாட்டி முடிக்க என்ன அவசரம்?

இப்போதைக்கு முதல் வேலை சீட். உள்ளே நல்ல ஃபோம் வைத்து, தையல் வழியாக மழைத் தண்ணீர் இறங்காதபடி தைத்துத் தருகிறவர் இங்குள்ள உபி, காக்கி புக்கிட் வட்டாரங்களின் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். உயரம் மட்டும் கூடிவிடக் கூடாது.