மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு

கோடை லீவு முடிகிற நேரம் வந்தால் ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் எந்தத் தமிழர் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதை காதில் விழும். "கியூபெக் போனோம், அப்படியே பிரான்சுக்குப் போன மாதிரி. ஆனா சனம் சரியான திமிர், இங்கிலிஷ் கதைக்குதுகளே இல்லை." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. இந்த முறை பிள்ளைகளையும் மாமியையும் ஏற்றிக்கொண்டு எண்ணூறு கிலோமீற்றர் ஓடிப் போய் வந்த பிறகு அது இன்னும் முற்றிவிட்டது.

முதலில் அந்தப் பிரான்ஸ் கதையைப் பார்ப்போம். கனடாவின் பிரெஞ்சு பேசும் மாகாணத்துக்குத் தலைநகரான கியூபெக் நகரத்தில், மலை விளிம்பில் செப்புக் கூரைகளோடு நிற்கிற ஷாத்தோ ஃப்ரோந்நாக்கின் முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறோம். அது எந்தப் பிரெஞ்சு ராஜாவும் கட்டிய கோட்டை இல்லை. கனேடியன் பசிபிக் ரயில் கம்பனி தன் பயணிகளுக்காக 1893இல் திறந்த ஹோட்டல். வரைந்து கொடுத்தவர் புரூஸ் பிரைஸ் என்கிற அமெரிக்கர். பக்கத்தில் நட்சத்திர வடிவில் கிடக்கிற சிட்டாடல் கோட்டை, அமெரிக்கர்கள் படையெடுத்து வருவார்கள் என்ற பயத்தில் 1820இலிருந்து பிரித்தானியர் கட்டியது. சும்மா பயமில்லை, 1775 டிசம்பர் 31 அதிகாலை பனிப்புயலுக்குள் ஒருமுறை வந்து அடி வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் அவர்கள்.

சரி, மதில்? நகரத்தைச் சுற்றி 4.6 கிலோமீற்றர் ஓடுகிறது. மெக்சிக்கோவுக்கு வடக்கே இப்படி மதில் மிஞ்சிய நகரம் வேறு இல்லை. பிரெஞ்சுக்காரர் தொடங்கினார்கள், பிரித்தானியர் முடித்தார்கள். 1871இல் பிரித்தானியப் படை வெளியேறியதும், வண்டி போக இடமில்லை, வியாபாரம் கெடுகிறது என்று ஊர்க்காரர்களே வாசல்களை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முழு மதிலும் போயிருக்கும். அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டஃபரின் பிரபுதான் குறுக்கே விழுந்து, வாசல்களை அகலமாக்கிக் கட்டலாம், மதிலை விடுங்கள் என்று பேசி நிறுத்தினார். இதே மனிதர்தான் பின்னால் இந்தியாவுக்கு வைஸ்ராயாகப் போய், மேல் பர்மாவைப் பிரித்தானியாவோடு சேர்த்தவர். ஆற்றைப் பார்த்தபடி நடக்கிற அந்தப் பலகை நடைபாதைக்கும் அவர் பெயர்தான்.

மலையடியில் இருக்கிற கீழ்ப்பட்டணத்தில், பிளாஸ் ரோயால் சதுக்கத்தின் கல்வீடுகளாவது அசல் என்று நினைப்போம். அதிலும் பாதிக்கதைதான். 1970களில் பிரெஞ்சு ஆட்சிக்காலத் தோற்றம் வரவேண்டும் என்பதற்காக, பின்னாளில் கட்டியதை எல்லாம் இடித்துவிட்டுத் திருப்பிக் கட்டிய வீடுகள் அங்கே நிறைய. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை, அழகாகத்தான் இருக்கிறது. கூரைகளில் சாய்த்து வைத்திருக்கிற ஏணிகளை முதலில் கவனித்தவன் என் சின்ன மகன். பனி தள்ளவும் புகைபோக்கியில் நெருப்புப் பிடித்தால் ஏறவும் வைப்பது. வீட்டுக்கு வீடு நடுவில் கூரையைத் தாண்டி எழும்புகிற தடித்த சுவர், நெருப்புத் தாவாமல் இருக்க. 1682இல் கீழ்ப்பட்டணம் பெரும்பகுதி எரிந்துபோன அனுபவம் அது.

ஆக, அந்த ஊரில் அசலாகப் பிரெஞ்சாக இருப்பது எது? சனத்தின் வாய்தான். அதைத்தான் நாங்கள் திமிர் என்கிறோம்.

ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற லெவிஸுக்குப் போகிற படகில் ஏறிப் பாருங்கள், பத்து நிமிடம்தான். 1759 கோடையில் அந்தக் கரையிலிருந்துதான் பிரித்தானிய பீரங்கிகள், அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த இந்த ஊரை வாரக்கணக்கில் அடித்து நொறுக்கின. செப்டம்பர் 13இல் ஆபிரகாம் சமவெளியில் நடந்த சண்டை அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. இரண்டு தளபதிகளும், பிரித்தானியரின் வுல்ஃபும் பிரெஞ்சுக்காரரின் மோன்கால்மும், அந்தக் காயங்களால் செத்துப்போனார்கள். 1763இல் பிரான்ஸ் இந்த இடத்தைப் பிரித்தானியருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக் கைகழுவிவிட்டது. மிஞ்சியவர்கள் சுமார் 70,000 பேர், பெரும்பாலும் கமக்காரர்கள். அந்த எழுபதாயிரத்தின் பேரப்பிள்ளைகளிடம்தான் நாங்கள் "ஹலோ, வெயர் இஸ் த வாஷ்ரூம்" என்று கேட்டுவிட்டு, பதில் பிரெஞ்சில் வந்தால் முகம் சுளிக்கிறோம்.

உண்மையைச் சொன்னால், மதிலுக்குள்ளே இங்கிலிஷ் தெரியாத ஒரு பரிமாறுகிறவரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே மாறிவிடுவார்கள். பிரெஞ்சு கேட்க வேண்டுமென்றால் வாசலைத் தாண்டி சான் ஜான் தெருவிலேயே மேற்கே நடக்க வேண்டும், இல்லையென்றால் மலையிறங்கி சான் ரோக் பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு பேக்கரியில் மகளை முன்னால் தள்ளிவிட்டேன். ஒன்ராறியோவில் நாலாம் வகுப்பிலிருந்து எட்டுவரை எல்லாப் பிள்ளைக்கும் பிரெஞ்சு கட்டாயம், அவளுக்கு அது வெறும் மார்க்ஸ் வாங்கும் பாடம். கடைக்காரப் பெண் வேகமாக ஏதோ கேட்டாள். பிள்ளை விறைத்துப்போய் என்னைப் பார்த்தது. அந்தப் பெண் இங்கிலிஷுக்கு மாறவில்லை. கையில் இடுக்கியைப் பிடித்தபடி, அதே கேள்வியை ஆறுதலாகத் திருப்பிக் கேட்டுவிட்டு நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்களும் பொறுத்தார்கள். மகள் தட்டுத் தடுமாறி நாலு குவாசோனும் அம்மம்மாவுக்குச் சீனி இல்லாத கோப்பியும் சொல்லி முடித்தாள். அதன்பிறகு போன இடமெல்லாம் அவள்தான் கதைத்தாள், எங்களைக் கதைக்க விடவில்லை.

இதைச் சொன்னவுடன் தமிழோடு ஒப்பிட்டு உருகத் தொடங்கிவிட வேண்டாம். அவர்கள் மொழி வெறும் பாசத்தால் நின்றதில்லை. கையில் ஒரு மாகாண அரசு இருக்கிறது. 1977இல் சட்டம் போட்டு, குடியேறி வருகிறவன் பிள்ளையும் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும், கடைப் பலகையும் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். மொன்றியலில் என் மச்சான் அந்தச் சட்டத்தைத் திட்டாத நாள் இல்லை. அவர் பிள்ளைகளோ மூன்று மொழியில் சண்டை பிடிக்கிறார்கள். சட்டம் சிலருக்கு இறுக்கம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். கியூபெக் நகரத்துக்கு வடக்கே காரில் கொஞ்சத் தூரத்தில் வெண்டேக் இருக்கிறது, ஹூரோன்-வெண்டாட் என்கிற பழங்குடி மக்களின் இடம். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் மறைந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. இப்போது பாதிரிமார் எழுதிவைத்த பழைய அகராதிகளின் துணையோடு திரும்பப் படிக்கிறார்கள். பிரெஞ்சுக்காரரை மட்டும் பாதிக்கப்பட்டவர்களாகப் பார்க்கிற கதையும் அங்கே போனால் நிற்காது. போங்கள், பிள்ளைகளோடு.

இன்பொக்ஸில் விபரம் கேட்டவர்களுக்கு: மதிலுக்குள் காரை விட நினைக்காதீர்கள், தெருக்கள் ஒடுக்கம், பார்க்கிங் காசு கொள்ளை. மேல்பட்டணத்துக்கும் கீழ்ப்பட்டணத்துக்கும் ஏறி இறங்க 1879இலிருந்து ஓடுகிற ஃபனிக்குலர், அதாவது சரிவில் கயிறு இழுக்கிற பெட்டி, இருக்கிறது, முழங்கால் நோவு உள்ளவர்கள் படிக்கட்டைத் தொடவே வேண்டாம். மொன்மொரான்சி அருவி 83 மீற்றர், நயாகராவை விட முப்பது மீற்றர் உயரம், அரைநாள் ஒதுக்குங்கள். பூட்டின் என் மாமிக்குப் பிடிக்கவில்லை, உருளைக்கிழங்குக்கு மேல் குழம்பை ஊற்றி ஏன் நனைத்தார்கள் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டு வந்தார்.