சல்லிக்காசு வாங்காதவர்

சித்தப்பா: நான் போன கூட்டத்தில் வேதத்தைப் பற்றிப் பேசினாரே, அந்தப் பிரசங்கியார், அவர் சல்லிக்காசு வாங்குவதில்லை. அது தெரியுமா உனக்கு?

கவிதா: நான் அதைக் கேட்கவே இல்லையே சித்தப்பா. ஒரு பையன் எழுந்து, "உங்கள் வேதத்தில் ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருக்கிறதே" என்றானாமே. அதற்கு என்ன பதில் சொன்னார்?

சித்தப்பா: அதைத்தான் சொல்கிறேன். சல்லிக்காசு வாங்காமல் பேசுகிறார்.

கவிதா: சரி. பதில்?

சித்தப்பா: "உன்னை யார் காசு கொடுத்து அனுப்பினார்கள்?" என்று ஒரு போடு போட்டார் பார். கைதட்டல் அடங்கவே இல்லை.

கவிதா: அந்தப் பையன்?

சித்தப்பா: அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "உங்களுக்கு யார் கொடுக்கிறார்கள்?" என்றான். அப்புறம் கூட்டம் முடிகிற வரை அதுதான்.

கவிதா: ரெண்டு பேரும் தப்பித்தார்கள். அவர் எதில் வந்தார்?

சித்தப்பா: விமானத்தில். கூட்டம் நடத்திய அமைப்பு டிக்கெட் எடுத்தது. அது காசு இல்லை, பயணம்.

கவிதா: தங்கிய இடம்?

சித்தப்பா: அது அறை.

கவிதா: வாசலில் விற்ற புத்தகம்?

சித்தப்பா: அது அறிவு.

கவிதா: மாதாமாதம் ஏதாவது?

சித்தப்பா: (குரலைத் தாழ்த்தி) அதை அவர் கையால்கூடத் தொடுவதில்லை அம்மா. மனைவி கணக்கில் போகிறது.

கவிதா: போகட்டுமே! வயிறு எல்லாருக்கும் உண்டு. நற்செய்தி சொல்கிறவர் அதிலேயே பிழைக்கலாம் என்று பைபிளில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதினார். "உங்களிடம் அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை" என்றும் எழுதினார்.

சித்தப்பா: பார்த்தாயா! கூடாரம் செய்து பிழைத்த மனுஷன்.

கவிதா: பிலிப்பி ஊர்ச் சபை அனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டதையும் அவரே எழுதி வைத்தார். உங்கள் ஆள் ஒரு ரசீதாவது காட்டியிருக்கிறாரா?

சித்தப்பா: காசு வாங்காதவரிடம் ரசீது ஏது?

கவிதா: அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையிலும் இதே தகராறுதான். ஊர்ச் சபையை நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மேல்மட்டத் தலைவர்களுக்கு வாழ்க்கைப்படி உண்டு. 2014-இல் அது ஆண்டுக்கு 1,20,000 டாலர் என்று கசிந்த கடிதம் ஒன்று பிறகு வெளியே வந்தது.

சித்தப்பா: படிதானே? சம்பளம் இல்லையே.

கவிதா: உங்களை அங்கே பொருளாளராகப் போடலாம்.

சித்தப்பா: கேலி செய்யாதே. காசுக்காகப் பேசாதவன் பேச்சில் பொய் இருக்காது.

கவிதா: அப்படியா? காசே வாங்காமல் ராத்திரி முழுக்கப் பொய் பரப்புகிறவர்களை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே காட்டட்டுமா?

சித்தப்பா: (உடனே) அது நான் எழுதியதில்லை. வந்ததை அனுப்பினேன்.

கவிதா: கி.மு. 399-இல் சாக்ரடீஸ் தன் மேல் நடந்த வழக்கில், "நான் கூலி வாங்கியதில்லை, என் வறுமையே சாட்சி" என்றார். அப்படியும் நஞ்சுதான் கொடுத்தார்கள். காசு வாங்கினாரா என்பது அவர் கணக்குப்பிள்ளையின் கவலை சித்தப்பா. சொன்னது சரியா என்பதுதான் கூட்டத்துக்குப் போன உங்கள் கவலை. அந்தப் பையன் சொன்னானே, எந்த இரண்டு இடம் அது? எடுங்கள், நாமே படித்துப் பார்க்கலாம்.

சித்தப்பா: எந்த இடமா? (யோசிக்கிறார்) அந்தக் கைதட்டலில் அது யாருக்கு அம்மா ஞாபகம் இருக்கிறது?

கவிதா: அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.