ஒரு பொசிட்டிவ் மட்டும் போதாது
“எலைசாவில் எச்.பி.எஸ்.ஏஜி பொசிட்டிவ் என்றால் ஹெபடைடிஸ் பி உறுதி” என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியாது. எலைசா என்பது சிறு குழிகள் கொண்ட தட்டில் நிறமாற்றத்தை வைத்துப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை; எச்.பி.எஸ்.ஏஜி என்பது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென். அதே இரத்த மாதிரியை இரு குழிகளில் திரும்பச் செய்து, பிறகு நியூட்ரலைசேஷன் சோதனையால் (ஆன்டிஜெனைத் தடுக்கும் ஆன்டிபொடியைச் சேர்த்ததும் பொசிட்டிவ் மறைகிறதா என்று பார்ப்பது) உறுதிப்படுத்த வேண்டும். பொய்ப் பொசிட்டிவுக்கு முதல் சந்தேகம் கழுவல்தான்: குழிக்கு 300 முதல் 350 மைக்ரோலீட்டர், ஐந்து தரம், கடைசியில் தட்டைக் கவிழ்த்து உறிஞ்சுதாளில் நன்றாகத் தட்டாவிட்டால் மிஞ்சிய கொன்ஜுகேட் (நிறம் உண்டாக்கும் நொதி பிணைத்த ஆன்டிபொடி) நிறம் காட்டிவிடும். மட்டக்களப்பு ஈரக்காற்றில், 2–8 பாகை செல்சியஸிலிருந்து எடுத்த தட்டுப் பையை உடனே பிரித்தால் குழிகளில் நீர் வியர்க்கும். அரை மணி நேரம் பிரிக்காமல் வெளியே வையுங்கள். தடுப்பூசி போட்டு மூன்று வாரத்துக்குள் எடுத்த இரத்தமும் பொசிட்டிவ் காட்டலாம், அதைக் கேட்காமல் அறிக்கை கொடுப்பது பெரிய அநியாயம். மேலே கருத்து எழுதிய ஒருவர் நெகட்டிவ் என்றால் பயமில்லை என்கிறார். அதுவும் சரியல்ல: தொற்றிய முதல் வாரங்களில் ஆன்டிஜென் பிடிபடாமல் போகலாம்.