பல்பை மட்டும் மாற்றினால் போதாது

பழைய காரின் வெளி விளக்குகளுக்கு எல்.இ.டி. போடுவது ஐந்து நிமிட வேலை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். டெயில் லைட்டுக்குச் சரி, இண்டிகேட்டருக்கு அப்படி இல்லை. அப்பாவின் 1984 மாடல் பிரீமியர் பத்மினி காரில் நாலு பல்பையும் மாற்றிவிட்டு ஸ்விட்சைத் தள்ளினேன். விளக்கு எரிந்தபடியே நின்றது, மின்னவே இல்லை. இண்டிகேட்டரை மின்ன வைக்கும் பழைய ஃபிளாஷர், பல்பு இழுக்கும் கரண்டில் உள்ளே கம்பி சூடேறினால்தான் விட்டு விட்டு இயங்கும். 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்.இ.டி. இழுப்பதோ அதில் துளி. அப்புறம் எங்கே சூடேறுவது? எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ஃபிளாஷர் போட்டதும் டிக் டிக் என்று மின்ன ஆரம்பித்துவிட்டது. சிலர் பழைய ஃபிளாஷரையே வைத்துக்கொண்டு, கூடுதல் கரண்ட் இழுக்க ரெசிஸ்டர் வைக்கச் சொல்வார்கள். அது கை சுடும் அளவுக்குக் கொதிக்கும், மிச்சமாகும் கரண்டும் அதிலேயே போய்விடும்.

இன்னொன்று, பிரேக் லைட்டின் சிவப்பு மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. வேண்டாம், வெளிறித் தெரியும். சிவப்பு எல்.இ.டி.யே வாங்குங்கள். ஹெட்லைட்டை நான் தொடவில்லை. அதற்குள் வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டர், இழை பல்புக்காகச் செய்தது, எல்.இ.டி. வைத்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும்.