ஒரே விலைன்னா செவுளத் தூக்கிப் பாக்கக் கூடாதா?

போன மாசம் மதுரையில ஒரு செகண்ட் ஹேண்ட் கார் கடையில வண்டி எடுத்தேன். ஊர் ஊருக்கு கிளை வச்சிருக்க கம்பெனி, பேரம் கிடையாது, ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் விலை. கடை பேரு வேணாம், நான் பேச வந்தது அந்தக் கடைய மட்டும் பத்தி இல்ல.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், எனக்கு அந்த முறை பிடிச்சிருந்துச்சு. அதுக்கு முன்னாடி ராம்நாட்டுல ரெண்டு புரோக்கர்கிட்ட வண்டி பாத்தேன். வீட்டுக்காரர் சவூதியில இருக்காரு, அதனால "ஆம்பள ஒருத்தரு கூட இருக்கட்டும்"னு சித்தப்பா மகன அனுப்புனாங்க. காசு குடுக்கப் போறது நான், மண்டபத்துலேருந்து ராம்நாட்டுக்கு தெனம் ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போகப் போறது நான், ஆனா நான் கேள்வி கேட்டா அந்தாளு பதில் சொல்றது தம்பி மூஞ்சியப் பாத்து. காலையில 4,60,000 சொன்ன வண்டி சாயங்காலம் "மேடம் டீச்சர்ங்கிறதால" 4,40,000 ஆச்சு. அப்ப மீன்காரம்மா கேட்டா எம்புட்டு சொல்லுவாருன்னு அம்மாவ அனுப்பிப் பாக்கலாம்னு ஒரு ஆசை வந்துச்சு, விட்டுட்டேன். மதுரைக் கடையில அந்தத் தொல்லை இல்ல. யாரு போய் நின்னாலும் ஒரே நம்பர். பேரம் பேசத் தெரியாதவங்களுக்கும், பேசுனாலும் காதுல வாங்கப்படாதவங்களுக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு பேசத் தெரிஞ்சவங்களுக்குப் புரியாது.

ஆனா அம்மாவ கூட்டிட்டுப் போனது தப்பாப் போச்சு, இல்ல சரியாப் போச்சு. அம்மா முப்பது வருசம் பாம்பன் கரையில ஏலத்துல மீன் எடுத்து கூடையில வித்தவ. உள்ள நொழைஞ்சதும் கேட்டா, "ஏப்பா, எம்புட்டு கொறைப்ப?" அந்தப் பையன், பரமக்குடி பக்கமாம், "ஃபிக்ஸ்டு ப்ரைஸ்ம்மா, குறைக்கிற பவரே எனக்குக் கெடையாது, சிஸ்டம்தான் விலை போடுது"ன்னான். அம்மா என் காதுல சொன்னா, "பாவம்த்தா, யாவாரத்துல ஒக்காந்திருக்கான், கையில தராசு இல்ல." அப்புறம் அவன்கிட்ட திரும்பி, "சரி, வெலையக் கொறைக்க வேணாம். செவுளக் காட்டு."

எனக்கு அப்பதான் ஒறைச்சுச்சு. கரையில யாரும் மீன் விலைய கையக் கட்டிக்கிட்டு கேக்க மாட்டாங்க. "இந்த சீலா என்ன வெல"ன்னு கேக்குற சாக்குல செவுளத் தூக்கிப் பாப்பாங்க, வயித்த அமுக்கிப் பாப்பாங்க, "நேத்து பிடிச்சதா"ம்பாங்க, அவ "காலையில வந்த மீனு"ம்பா, அந்த அஞ்சு நிமிசத்துல சரக்கப் பத்தி பாதி உண்மை வெளிய வந்துரும். விலையில பேச ஒண்ணும் இல்லன்னு ஆனதும் நாம பொருளப் பாக்குறதையும் சேத்து விட்டுர்றோம். எனக்கு முன்னாடி ஒரு குடும்பம் பானட்டக் கூடத் தொறக்காம மாலை போட்டு போட்டோ எடுத்துட்டு கெளம்புனாங்க.

இந்த யாவார முறைய அமெரிக்காவுல 1993ல கார்மேக்ஸ்ங்கிற கம்பெனி பெருசா ஆரம்பிச்சுச்சு, அதத் தொடங்குனது அப்ப டிவி ஃப்ரிட்ஜ் வித்துக்கிட்டிருந்த சர்க்யூட் சிட்டி. யோசிச்சா சரியாத்தான் இருக்கு, ஃப்ரிட்ஜ் மேல ஸ்டிக்கர் ஒட்டுற கை பழைய கார் மேலயும் ஒட்டிருச்சு. ஆனா ஒரே மாடல் புது ஃப்ரிட்ஜ் பத்தும் ஒண்ணு போல இருக்கும், பழைய கார் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடல்ல பிடிச்ச மீன்.

அதனால நான் பாத்தேன். 200 எடத்துல பச்சை டிக் போட்ட ரிப்போர்ட்ட ஓரமா வச்சிட்டு, செல்போன் டார்ச் அடிச்சு குனிஞ்சு அடிப்பக்கத்தப் பாத்தேன். நம்ம கடக்கரை ஆளுகளுக்கு துருதான் மொத பயம், உப்புக் காத்துல சைலன்சரும் கதவோட கீழ் விளிம்பும் என்ன ஆகும்னு சொல்லணுமா, அதுக்குத்தான் கோயம்புத்தூர் வண்டியாத் தேடுனேன். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தேன், வெள்ளத்துல நின்ன வண்டின்னா அங்க சேறு ஒட்டியிருக்கும். 2023 டிசம்பர்ல மொதல்ல சென்னை, அப்புறம் தூத்துக்குடின்னு எத்தன வண்டி முங்குச்சு, அதெல்லாம் எங்க போயிருக்கும்? டயர்ல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. எனக்குக் காட்டுன வண்டியில ரெண்டு டயரு புதுசு, ரெண்டு வண்டி வயசு. ரிப்போர்ட்ல நாலுக்கும் டிக்கு.

இன்னொண்ணு, போட்ட விலைன்னா மாறாத விலைன்னு நெனைக்காதீங்க. இந்த வண்டிய நான் ஆப்புல மூணு வாரம் பாத்துக்கிட்டே இருந்தேன், 4,95,000 இருந்தது யாரும் கேக்காமலே 4,72,000க்கு எறங்குச்சு. 2025 செப்டம்பர் 22லேருந்து சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 ஆனப்ப பழைய வண்டி விலையும் கூடவே எறங்குச்சே. பேரம் நடந்துக்கிட்டுதான் இருக்கு, சிஸ்டம் சந்தையோட பேசுது, நம்மளோட பேசாது, அம்புட்டுதான். பொறுமை இருக்கவங்களுக்கு அதுவும் ஒரு பேரம்.

விலை பேசி முடிச்சாச்சுன்னு (பேசவே இல்ல) நிமுந்தா அடுத்த டேபிள்ல லோன், அதுக்கு அடுத்த டேபிள்ல எக்ஸ்ட்ரா வாரண்டி, அங்கெல்லாம் ஸ்டிக்கர் கெடையாது. அவங்க சொன்ன வட்டியவிட எங்க பேங்க்ல ரெண்டு பர்சென்ட் கம்மி. அஞ்சு நாள்ல பிடிக்கலன்னா திருப்பித் தரலாம்னு பெருசா எழுதி, 300 கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கக் கூடாதுன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருந்தாங்க. மதுரைலேருந்து மண்டபம் 150 கிலோமீட்டர் இருக்கும். வீட்டுக்குக் கொண்டாந்து நிறுத்திட்டு அப்படியே திருப்பிக் கொண்டு போனாத்தான் கணக்கு சரியா வரும், ஓட்டிப் பாக்குறது எப்ப? மதுரைக்காரங்களுக்கு எழுதுன சலுகை அது.

என் பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிறோம்னாங்க. TN 65ன்னு ராம்நாட்டு நம்பரப் பாத்ததுமே அவங்க ஆளு நேரா கீழதான் குனிஞ்சாரு, அந்தப் பக்கம் மட்டும் செவுளப் பாக்கத் தெரியுது. 85,000ன்னு சிஸ்டம் சொல்லுச்சாம். நான் குடுக்கல. (வண்டிய வித்தா நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாம இருந்ததுக்கு இன்சூரன்ஸ்ல கெடைக்கிற தள்ளுபடி, வண்டியோட போகாது, நம்ம பேர்லதான் நிக்கும், இன்சூரன்ஸ்ல லெட்டர் வாங்கி வச்சுக்கங்க, மூணு வருசத்துக்குள்ள வேற வண்டிக்குப் போட்டுக்கலாம். இத அங்க யாரும் எனக்குச் சொல்லல.)

உச்சிப்புளியில நண்டு ஏவாரம் பண்ற அண்ணன் ஒருத்தரு வீட்டுக்கு வந்து பாத்தாரு. அம்மாதான் பேசுனா. "டிரைவர் பக்கக் கதவு கீழ ஓட்டைண்ணே, மழை பேஞ்சா கால்ல தண்ணி படும். ஏசி சுமாராத்தான் வரும். இஞ்சின் சுத்தம்." அவரு குனிஞ்சு ஓட்டையில வெரல விட்டுப் பாத்தாரு. "இம்புட்டுப் பெரிய ஓட்டையா இருக்கே ஆத்தா"ன்னாரு. "அதான் சொல்லிட்டேன்ல"ன்னா அம்மா. ரெண்டு பேரும் திண்ணையில ஒக்காந்தாங்க, நான் டீ போட உள்ள போனேன், டீ கொதிச்சு வர்றதுக்குள்ள 1,12,000ல வந்து நின்னுருந்துச்சு.