உயெனோ ஸ்டேஷனை விட்டுவிட்டீர்களே

ஜப்பானியரின் ஊர் ஏக்கப் பாடல்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை, 1914இல் பள்ளிப் பாடலாக வந்த 'ஃபுருசாதோ'வோடு (சொந்த ஊர்) முடித்துவிட்டீர்கள். முயல் துரத்திய மலை, மீன் பிடித்த ஆறு... சரி, அழகுதான். ஆனால் ஊரை விட்டு வந்தவனின் வலி அப்புறம் வந்த வெகுஜனப் பாடல்களில்தான் இருக்கிறது.

1964இல் இஸாவா ஹாச்சிரோ பாடிய 'ஆ உயெனோ எகி'யை (ஆ, உயெனோ ஸ்டேஷன்) கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் வடகிழக்குக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த 15 வயதுப் பிள்ளைகளைக் கூட்டமாக ரயிலேற்றி டோக்கியோவுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் சிறு பட்டறை, கடை வேலை. முதலாளிகள் அவர்களுக்கு வைத்த பெயர் 'தங்க முட்டைகள்'! அவர்கள் வந்து இறங்கிய இடம் டோக்கியோவின் உயெனோ ரயில் நிலையம். அந்தப் பாட்டுக்கு ஸ்டேஷன் வாசலில் இன்றைக்கும் ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது 1977இல் சென் மசாவோ பாடிய 'கிதாகுனி நோ ஹாரு' (வட நாட்டு வசந்தம்). நகரத்தில் பருவம் மாறுவது தெரியாதே என்று அம்மா அனுப்பும் சின்னப் பொட்டலம் அதில் வரும். கடைசிச் சரணம் இன்னும் வலிக்கும். அப்பாவும் சரி, அவரை உரித்துவைத்த அண்ணனும் சரி, அதிகம் பேசாதவர்கள்; இரண்டு பேரும் எப்போதாவது சேர்ந்து உட்கார்ந்து குடிப்பார்களா என்று மகன் யோசிக்கிறான். அம்மாவைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம், இப்படி ஒரு வரி சுலபத்தில் வராது. தைவான் பாடகி தெரசா டெங் இதே மெட்டைச் சீன மொழியிலும் பாடியிருக்கிறார்.

அப்புறம், 1984இல் பாடகர் யோஷி இகுஸோ ஒரே பாட்டில் இதையெல்லாம் தலைகீழாக்கினார். டிவி இல்லை, ரேடியோ இல்லை, இந்த ஊரே வேண்டாம், டோக்கியோ போகிறேன் என்று வட்டார வழக்கில் ஒரே ரகளை!