சப்பாத்தில் மண் பட்டால்

தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் சென்ற மாதம் பள்ளியோடு பினாங்கு தாவரவியல் பூங்காவுக்குப் போய்வந்தாள். பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 25 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). வீட்டுக்கு வந்தவளிடம் என்னம்மா பார்த்தாய் என்று கேட்டேன்.

"குரங்கு."

"வேறு?"

"ஐஸ்கிரீம்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். பத்து மரங்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். பத்துக் கட்டங்களிலும் சரி என்று குறியிட்டிருந்தாள். எந்த மரத்தையாவது தொட்டுப் பார்த்தாயா என்றேன். "டீச்சர் வரிசையை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். சப்பாத்தில் மண் படுமாம்."

ஆசிரியையை நான் குறை சொல்லமாட்டேன். நாற்பது பிள்ளைகள், இரண்டே ஆசிரியர்கள், பிளாஸ்டிக் பையைக் கண்டால் பாய்ந்துவரும் குரங்குகள். ஒரு பிள்ளை வழுக்கி விழுந்திருந்தால் அன்றிரவே வாட்ஸ்அப் குழுவில் அவரை வறுத்தெடுக்க முதலில் வந்திருப்பவர்கள் நாம்தான். (காலில் போடும் இந்தச் சப்பாத்து விஷயம் மட்டும் புரியவில்லை. 2021-இலிருந்து நாடு முழுவதும் பள்ளிச் சப்பாத்துக் கறுப்புதானே? வெள்ளைச் சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசிய காலத்துப் பயம் இன்னும் போகவில்லை போலும்.)

என் சண்டை சுற்றுலாவோடுதான். ஆண்டுக்கு ஒருமுறை பஸ்ஸில் ஏற்றி இறக்கிவிட்டு, பிள்ளைகள் இயற்கையைக் கற்றார்கள் என்று அறிக்கை எழுதுவதோடு.

இங்கிலாந்தின் சாமர்செட் வட்டாரத்தில் ஒரு கல்லூரியின் மழலையர் கல்விப் பிரிவினர் 1993-இல் டென்மார்க்குக்குப் போனார்கள். அங்கே சின்னஞ்சிறு பிள்ளைகள் குளிரிலும் மழையிலும் காட்டுக்குள் விளையாடிப் படிப்பதைக் கண்டு, ஊர் திரும்பியதும் தாங்களும் அதைத் தொடங்கினார்கள். பிரிட்டன் முழுவதும் இன்று பரவியிருக்கும் காட்டுப் பள்ளிகளுக்கு அதுதான் விதை. அதன் சூட்சுமம் காட்டின் பரப்பளவில் இல்லை. அதே பிள்ளைகள், அதே சிறு காட்டுத் துண்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறார்கள். போன வாரம் பார்த்த காளான் இந்த வாரம் அழுகிக் கிடக்கும். அதை யாரும் தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளை அதே பூங்காவுக்கு நானே அழைத்துப்போனேன். 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில், பழைய கல்லுடைக்கும் இடத்தில் உருவாக்கப்பட்ட பூங்கா அது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் நம்மில் எத்தனை பேர், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தப் பூங்காவில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்?

நாகலிங்க மரத்தடியில் போய் நின்றோம். அடிமரத்திலிருந்தே கயிறு கயிறாகக் காம்புகள் தொங்க, அவற்றில் பூக்கள். கீழே உதிர்ந்து கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். தடித்த ஆறு இதழ்கள், நடுவில் படமெடுத்த பாம்பைப் போலக் கவிந்த ஒரு மடல். அவள் சுண்டுவிரலால் அந்த மடலைத் தூக்கினாள். பிறகு மூக்கை உள்ளே விட்டாள். நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் மகரந்தம். "மொட்டு பூவாக எத்தனை நாள் ஆகும்?" என்றாள். எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வந்து பார்ப்போம் என்று ஒரு மொட்டுக்கு நேரே நூல் கட்டிவிட்டு வந்தோம்.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். பூவின் ஏழு பருவங்களையும் பள்ளியில் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பாராட்டு வாங்கியவள் நான். முகைக்கும் மொட்டுக்கும் என்ன வேறுபாடு என்று 44 வயதில், அந்த மரத்தடியில் நின்றுதான் யோசித்தேன்.

இனி வீட்டுக்குள் நடந்த போர். மகள் மண்ணோடு வந்ததைப் பார்த்த என் அம்மா கொதித்துப்போனார். "நான் மண்ணில் கிடந்தது போதாதா? இவளும் கிடக்க வேண்டுமா?"

தமிழ்நாட்டு நண்பர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் தோட்டம் என்றால் பூந்தோட்டம் இல்லை, ரப்பர் தோட்டம். அம்மா கெடாவில் 26 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். அட்டை கடித்த தழும்புகள் இன்றும் அவர் காலில் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளை என்று பட்டணத்தார் ஏளனம் செய்ததையும் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாட என்னால் முடியாது.

ஆனாலும் வெயில் ஏறியதும் ரப்பர் காய் பட்டென்று வெடித்துக் கொட்டை சிதறும் ஓசை இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கொட்டையைச் சிமெந்துத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்துவிட்டு ஓடுவோம். உராய்ந்தால் சூடு பிறக்கும் என்ற பாடம் பிறகு அறிவியல் புத்தகத்தில் வந்தபோது, வகுப்பே தொடையைத் தடவிக்கொண்டு சிரித்தது.

அம்மா உதறிவிட்டு வந்தது குறைந்த கூலியை, கங்காணியின் அதட்டலை, லயத்து வரிசை வீட்டை. அந்தக் கணக்கில் மண்ணையும் மரத்தையும் சேர்த்து எழுதிவிட்டோம். பதினான்காவது மாடியில் குளிர்சாதன அறையில் பிள்ளை கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தால்தான் முன்னேறிவிட்டோம் என்று நமக்கு நிம்மதி.

அந்த நிம்மதிக்குக் கண் விலை கொடுக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2015-இல் முடிவு வெளியானது. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை வந்தது; மற்றப் பள்ளிகளில் 39.5. மருந்தில்லை, மாத்திரையில்லை, பகல் வெளிச்சம் மட்டும்தான்.

டெங்கி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கொசு உங்கள் வீட்டுப் பூச்சட்டித் தட்டிலும் வளர்கிறது. வெயில் என்றால் ஒத்துக்கொள்கிறேன். பத்து மணிக்குள் முடித்துவிடலாம். பாடம் கெட்டுவிடும் என்பவர்களுக்கு: ஆறாம் ஆண்டில் எழுதிய யுபிஎஸ்ஆர் அரசுத் தேர்வே 2021-இல் ரத்தாகிவிட்டது. டியூஷன் மட்டும்தான் ரத்தாகவில்லை.

காட்டைத் தேடிப் போகக்கூட வேண்டாம். மகளின் பள்ளியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. மலாயில் அதற்குப் 'புக்குல் லீமா' என்றும் பெயர் உண்டு, ஐந்து மணி மரம். மாலையானால் இலை கூம்பிவிடும். பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் பொழுது விடிகிறது. ஏழேகாலுக்குப் பள்ளிக்குள் நுழையும் பிள்ளை அண்ணாந்து பார்த்தால் இலைகள் இன்னும் முழுதாக விழித்திருக்காது. ஓய்வு நேரத்தில் விரிந்திருக்கும். மழை மூட்டம் போட்டால் என்ன ஆகிறது? எழுதிவைக்கட்டும். அறிவியலும் ஆயிற்று, தமிழும் ஆயிற்று, மலாயும் ஆயிற்று. இப்போது அந்த மரத்தடியில் யாரும் நிற்க முடியாது. இரண்டு கார்கள் நிற்கின்றன.

வரும் சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது இவ்வளவுதான்: அந்த இரண்டு கார்களையும் வேறிடத்தில் நிறுத்துங்கள். வாரம் ஒரு பாடவேளை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை அங்கே உட்காரவிடுங்கள். மேற்பார்வைக்குப் பெற்றோர் நால்வர் முறைவைத்து வருகிறோம். என்னோடு இதுவரை இருவர் சேர்ந்திருக்கிறார்கள்.

நான்காவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். நேற்றிரவு மகள் பாட்டியிடம் நூல் கட்டிய மொட்டைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். அம்மா நெடுநேரம் பேசாமல் கேட்டார். பிறகு, "நூலை இறுக்கிக் கட்டினாளா உன் அம்மா? காம்பு நெரிந்துவிடும். சனிக்கிழமை எத்தனை மணிக்குக் கூட்டம்?" என்றார்.